அச்சுக்கூடத்து மாணவன்

ஆசிரியரின்றித் தானே கற்க முற்படுபவனுக்குப் பெருந்தடை எது? நூல் கிடைக்காமை என்பார் சிலர். ஓய்வின்மை என்பார் வேறு சிலர். இரண்டும் தடைகளே, அதனை மறுப்பதற்கில்லை. ஆயினும் இவ்விரண்டினும் பெரிய தடை ஒன்று உண்டு என்பது என் கருத்து. தான் செய்யும் பிழையைத் தானே காண இயலாமையே அது. பள்ளியிலே ஆசிரியர் இருக்கிறார். சிவப்பு மையால் கோடிட்டுக் காட்டுகிறார். தனியே கற்பவனுக்குக் கோடிடுவார் யார்? பிழையையே நூறு முறை பயின்று, அதுவே திறமை என்று அவன் எண்ணிவிடவும் கூடும்.

இத்தடையை இளமையிலேயே உணர்ந்து, ஒவ்வொரு கல்விக்கும் ஒவ்வொரு விதமான ஏற்பாட்டைத் தாமே வகுத்துக்கொண்டவர் ஒருவருடைய வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன். அவர் அமெரிக்க நாட்டுப் பெஞ்சமின் பிராங்க்ளின். இடியையும் மின்னலையும் ஆராய்ந்தவர், 1776ஆம் ஆண்டின் சுதந்தரப் பிரகடனத்தில் கையொப்பமிட்டவர், பிரெஞ்சு நாட்டில் தூதராக இருந்தவர் என்றெல்லாம் அவரை நேயர்கள் அறிவார்கள். அப்பெருமைகளுக்குள் நான் புகப்போவதில்லை. பத்து வயதோடு பள்ளிப் படிப்பு நின்றுபோன ஒரு சிறுவன் எவ்வாறு கற்றான் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

1706ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் பாஸ்டன் நகரில் அவர் பிறந்தார். தந்தை ஜோசையா விலங்குக் கொழுப்பை உருக்கி மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்து விற்பவர். இரு மனைவியர் வாயிலாக அவருக்குப் பிள்ளைகள் 17 பேர். ஆண்மக்களுள் கடைசியாகப் பிறந்த பெஞ்சமினை மத குருவாக்க வேண்டும் என்று எண்ணி, எட்டாம் வயதில் இலத்தீன் கற்பிக்கும் பள்ளியில் சேர்த்தார். சிறுவன் ஓராண்டுக்குள் வகுப்பில் முதல்வனாக உயர்ந்தான். ஆனால் இத்தனை பேர் உண்ணும் வீட்டிலே ஒருவனுடைய கல்லூரிச் செலவைத் தாங்குவது எங்ஙனம்? தந்தை கணக்குப் போட்டுப் பார்த்தார். பிள்ளையை எழுத்தும் கணக்கும் மட்டும் கற்பிக்கும் வேறொரு பள்ளிக்கு மாற்றினார். அங்கே கையெழுத்து நன்றாக வந்தது, கணக்கு வரவில்லை. பத்தாம் வயதில் படிப்பு நின்றது. திரி நறுக்குவதும், அச்சில் கொழுப்பு ஊற்றுவதும், கடைக்கு எடுபிடி வேலை செய்வதுமாகக் காலம் கழிந்தது.

பையன் கடலுக்கு ஓடிவிடுவானோ என்ற அச்சம் தந்தைக்கு இருந்தது. தச்சர், கொத்தர், கடைசல்காரர், பித்தளை வேலைக்காரர் ஆகியோர் தொழில் செய்யும் இடங்களுக்கெல்லாம் அவனை அழைத்துச் சென்று காட்டினார். எதில் அவன் மனம் ஊன்றுகிறது என்று பார்த்தார். முடிவில், நூலாசை மிக்க பிள்ளைக்கு ஏற்றது அச்சுத்தொழிலே என்று துணிந்து, பன்னிரண்டாம் வயதில் தம் மற்றொரு மகன் ஜேம்ஸின் அச்சுக்கூடத்தில் சேர்த்தார். இருபத்தொரு வயது நிரம்பும் வரையில் அண்ணனிடம் தொழில் பழக வேண்டும் என்பது ஒப்பந்தம்.

அச்சுக்கூடம் அவனுக்கு இரண்டு நன்மைகளைச் செய்தது. புத்தகக் கடைகளில் தொழில் பழகிய பையன்களின் நட்பு கிடைத்தது. அவர்கள் மாலையில் ஒரு நூலை எடுத்துக் கொடுப்பார்கள், விடியுமுன் அது அழுக்குப் படாமல் கடைக்குத் திரும்ப வேண்டும். ஆகவே பல இரவுகள் விழித்திருந்து படித்தான். மற்றொரு நன்மை கைக்குக் கிடைத்தது. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோப்பவனுக்கு எழுத்துப் பிழையும் நிறுத்தக்குறிப் பிழையும் கண்ணில் தாமே வந்து குத்தும்.

அந்நாளில் அவனுக்கு ஜான் காலின்ஸ் என்றொரு நண்பன் இருந்தான். இருவருக்கும் வாதம் செய்வதில் பெருவிருப்பம். ஒரு சமயம் பெண்களுக்கு உயர் கல்வி தகுமா என்ற வினா எழுந்தது. தகாது என்றான் காலின்ஸ்; தகும் என்றான் பிராங்க்ளின். இருவரும் பிரிந்திருந்த காலத்தில் வாதம் கடித வாயிலாகத் தொடர்ந்தது. மூன்று நான்கு கடிதங்கள் சென்றபின் அத்தாள்கள் தந்தையின் கையில் அகப்பட்டன. அவர் வாதத்தில் யார் வென்றார் என்று பேசவில்லை. எழுதிய முறையைப் பற்றியே பேசினார். எழுத்துச் சுத்தத்தில் நீ மேல். ஆனால் நடையின் அழகிலும், கருத்தை வரிசைப்படுத்தும் முறையிலும், தெளிவிலும் உன் நண்பன் உன்னை விஞ்சிவிட்டான் என்ற கருத்துப்படச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் தாளிலேயே இடம் காட்டினார்.

மெழுகுவர்த்தி வார்க்கும் ஒரு கைத்தொழிலாளர் கூறிய இத்திறனாய்வு எனக்குப் பெருவியப்பைத் தருவது. உன் எழுத்து நன்றாக இல்லை என்று அவர் சொல்லியிருந்தால் பையன் வருந்தியிருப்பான், அவ்வளவே. குறை மூன்று என்று எண்ணி, மூன்றுக்கும் பெயரிட்டு, சான்று காட்டியதனாலேயே மேற்செல்லும் வழி பிறந்தது. பிறகு மகன் அமைத்துக்கொண்ட பயிற்சிகளைப் பார்த்தால், அவை தந்தை சொன்ன இம்மூன்று குறைகளுக்கும் நேரே வகுத்த மருந்துகளாகவே இருத்தலைக் காணலாம்.

இவ்வேளையில் ஸ்பெக்டேட்டர் என்னும் பத்திரிகையின் தொகுப்பில் ஒரு தனிப்புத்தகம் அவன் கைக்கு வந்தது. அது 1711, 1712ஆம் ஆண்டுகளில் இலண்டனில் அடிசனும் ஸ்டீலும் நடத்திய நாளிதழ். நயமும் எளிமையும் சேர்ந்த கட்டுரைகளுக்குப் பெயர்பெற்றது. மீண்டும் மீண்டும் படித்து மகிழ்ந்தான் பிராங்க்ளின். படித்து மகிழ்வதோடு நின்றிருந்தால் ஸ்பெக்டேட்டரை விரும்பிப் படித்த பல்லாயிரவருள் அவனும் ஒருவனாகியிருப்பான். அவனோ ஓர் ஏற்பாடு செய்தான்.

ஒரு கட்டுரையை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் இரண்டொரு சொற்களில் குறித்துக்கொள்வான். குறிப்பைச் சில நாட்கள் அப்படியே போட்டுவைப்பான். பின்னர் மூலத்தைப் பாராமல், குறிப்பை மட்டும் கொண்டு, தன்னிடம் உள்ள சொற்களால் அக்கட்டுரையை முழுமையாக எழுதுவான். எழுதி முடித்தபின் மூலத்தோடு ஒப்பிட்டுத் தன் குறைகளைக் கண்டு திருத்துவான்.

இதிலே நுட்பமான பகுதி, குறிப்பைச் சில நாள் போட்டுவைத்தான் என்பது. அன்றே எழுதினால் மூலத்தின் சொற்கள் நினைவில் நின்று தாமே வந்துவிடும். அது நெட்டுருப் போட்டதை ஒப்புவிப்பதாகுமேயன்றி எழுதுவதாகாது. மறதி கல்விக்குப் பகை என்றுதான் நாம் சொல்லி வந்திருக்கிறோம். இங்கே மறதியை அவன் வேலைக்கு அமர்த்தினான். மறந்த இடத்தில் தன் சொல்லை வைக்க நேர்ந்தது. வைத்த சொல்லுக்கும் அடிசன் வைத்த சொல்லுக்கும் உள்ள தொலைவே அவனுக்குப் பாடமாயிற்று. கடல் கடந்து இலண்டனில் இருந்த எழுத்தாளரைப் பாஸ்டன் அச்சுக்கூடத்துப் பையன் ஊதியமின்றித் தனக்கு ஆசிரியராக்கிக்கொண்டான் என்றே சொல்ல வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்த்ததில் முதலில் புலப்பட்ட குறை சொல் வறுமை. வேண்டிய சொல் வேண்டிய நேரத்தில் வரவில்லை. இதற்கு அவன் கண்ட காரணம் சுவையானது. முன்பு அவன் நாடோடிப் பாடல்கள் இரண்டு எழுதி, அண்ணன் அச்சிட, தெருவில் கொண்டுபோய் விற்றதுண்டு. ஒரு பாடல் நன்றாகவே விலைபோயிற்று. பாட்டு எழுதுவோர் பெரும்பாலும் பிச்சை எடுப்போரே என்று தந்தை எள்ளியதால் அத்தொழிலை விட்டுவிட்டான். இப்போது அவனுக்குத் தோன்றியது: பாட்டெழுதுவதை விடாதிருந்தால் ஒரே பொருளுக்கு நீளத்தில் வேறுபட்ட சொற்களையும் ஓசையில் வேறுபட்ட சொற்களையும் தேட நேர்ந்திருக்கும், தேடியவை நெஞ்சில் தங்கியிருக்கும். எதுகைக்கும் மோனைக்கும் சொல் தேடி அலைந்த தமிழ் மாணவர் எவருக்கும் இது விளக்காமலே விளங்கும். ஆகவே ஸ்பெக்டேட்டர் கதைகள் சிலவற்றைச் செய்யுளாக்கினான். உரைநடை மறந்துபோன பிறகு அச்செய்யுளை மீண்டும் உரைநடையாக்கினான்.

முறைக் குறைவுக்கு மருந்து வேறு. எழுதிவைத்த குறிப்புகளைக் குலைத்துக் கலந்துவிடுவான். சில வாரங்கள் கழித்து அவற்றைத் தக்க வரிசையில் அடுக்க முயல்வான். அடுக்கியபின்தான் வாக்கியம் அமைக்கத் தொடங்குவான். மூலத்தின் வரிசையோடு ஒப்பிடும்போது, எண்ணங்களை எவ்வாறு ஒழுங்குபடுத்துவது என்பது விளங்கும். சிற்சில இடங்களில் தன் வரிசையோ சொல்லோ மூலத்தைக் காட்டிலும் மேல் என்று தனக்குத் தோன்றியதாகவும், அதனால் காலப்போக்கில் ஓரளவு நல்ல எழுத்தாளனாகலாம் என்ற நம்பிக்கை பிறந்ததாகவும் முதுமையில் எழுதினார்.

நான் ஒரு கோடை விடுமுறையில் ஒரு தமிழ் உரைநடை நூலை வைத்து இம்முறையைப் பயின்று பார்த்தேன். ஒரு பக்கத்துக்கு ஒரு மாலைப்பொழுது முழுதும் செலவாயிற்று. நூறு பக்கம் படித்தாலும் தெரியவராத ஒன்று அந்த ஒரு பக்கத்தில் தெரிந்தது. ஆசிரியர் எந்தெந்த இடத்தில் இணைப்புச் சொல்லை வேண்டாமென்று விட்டார் என்பது. படிக்கும்போது இல்லாத சொல் கண்ணில் படுவதில்லை.

இவற்றுக்கெல்லாம் நேரம்? அண்ணன் வீட்டில் இல்லை. அச்சுக்கூடத்துத் தொழிலாளர்களோடு வேறொரு வீட்டில் பணம் கொடுத்து உண்டு வந்தார். பதினாறு வயதளவில் பிராங்க்ளின் மரக்கறி உணவைப் புகழும் நூலொன்றைப் படித்து, ஊன் உண்பதை விட்டான். வீட்டார் இவனுக்காகத் தனியே சமைக்க வேண்டியிருந்தது, முணுமுணுப்பு எழுந்தது. என் உணவுக்காக வாரந்தோறும் கொடுப்பதில் பாதியை என்னிடம் கொடுத்துவிடுங்கள், நான் என்னைப் பார்த்துக்கொள்கிறேன் என்றான். அண்ணனுக்கு இலாபம், உடனே ஒப்புக்கொண்டார். அந்தப் பாதியிலும் பாதியைத் தம்பி மிச்சப்படுத்தினான். அது புத்தகத்துக்குப் போயிற்று. பணத்தினும் பெரிய மிச்சம் வேறு. எல்லாரும் உண்ணப் போனபின் அச்சுக்கூடத்தில் அவன் தனியே இருந்தான். ஒரு பிஸ்கோத்து அல்லது ஒரு துண்டு ரொட்டி, ஒரு கைப்பிடி உலர்ந்த திராட்சை, ஒரு குவளைத் தண்ணீர், உணவு முடிந்தது. மற்றவர் திரும்பும் வரையில் படிப்பு. இரவு வேலை முடிந்தபின்னும், காலையில் வேலை தொடங்குமுன்னும், ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகாமல் இருந்தும் சேர்த்த நேரத்தோடு இதுவும் சேர்ந்தது.

இந்த நேரத்திலேதான் பள்ளியில் இருமுறை தோற்ற கணக்கைக் கையில் எடுத்தான். கணக்குத் தெரியாமையால் ஓரிடத்தில் நாணமடைய நேர்ந்தது. உடனே காக்கர் என்பவர் எழுதிய கணக்கு நூலை எடுத்து முதல் முதல் இறுதி வரையில் தானே போட்டு முடித்தான். எளிதாக முடிந்தது என்கிறார். செல்லர், ஸ்டர்மி ஆகியோர் எழுதிய கப்பலோட்டும் கலை நூல்களையும் படித்து, அவற்றிலுள்ள சிறிதளவு வடிவக் கணிதத்தைத் தெரிந்துகொண்டான். கணக்கில் இவனுக்கு ஆசிரியர் வேண்டியிருக்கவில்லை. கணக்கு தன்னைத்தானே திருத்தும் கல்வி, விடை பொருந்தாவிடில் பிழை வெளிப்பட்டுவிடும். மொழியும் நடையும் அப்படிப்பட்டவை அல்ல. அதனால்தான் அவற்றுக்கு அத்தனை ஏற்பாடு.

இவ்வளவும் முதியவர் ஒருவர் தம்மைப் பற்றித் தாமே எழுதிய வரலாற்றிலிருந்து நாம் அறிபவை. தன்வரலாற்றை அவர் தொடங்கியது 1771இல்; அப்போது அவருக்கு வயது அறுபத்தைந்து. ஐம்பதாண்டுக்கு முந்திய தம் இளமையை ஒருவர் எழுதும்போது அதற்குச் சிறிது மெருகு ஏறாமலிராது. ஆதலால் வெளிச்சான்று உண்டா என்று கேட்பது முறையே. உண்டு. 1722ஆம் ஆண்டு அண்ணன் நடத்திய செய்தித்தாளில் சைலன்ஸ் டூகுட் என்னும் கைம்பெண் ஒருத்தியின் பெயரால் 14 கடிதங்கள் வெளிவந்தன. எழுதியவன் பதினாறு வயதுத் தம்பி. தன் பெயரில் கொடுத்தால் அண்ணன் அச்சிடமாட்டார் என்று அறிந்து, எழுத்தை மாற்றி எழுதி, இரவில் அச்சுக்கூடத்துக் கதவின் கீழே செருகிவிட்டான். மறுநாள் அண்ணனும் நண்பர்களும் படித்துப் பாராட்டி, எழுதியவர் யாராக இருக்கும் என்று ஊகித்தபோது ஊரில் அறிவாளிகள் என்று பெயர் பெற்றோரையே குறிப்பிட்டார்கள். பையன் பக்கத்தில் நின்று எழுத்துக் கோத்துக்கொண்டே கேட்டான். பெயரை மறைத்ததனால் கலப்பற்ற தீர்ப்புக் கிடைத்தது. அக்கடிதங்கள் இன்றும் நமக்குக் கிடைக்கின்றன. தன்வரலாற்றில் சொன்ன பயிற்சி பலித்தது என்பதற்கு அவற்றின் நடையே சாட்சி.

அண்ணனோடு பிணங்கி 1723இல் பிலடெல்பியாவுக்கு ஓடியதும், இலண்டனுக்குப் போய் அச்சுக்கூடங்களில் உழைத்து 1726இல் திரும்பியதும் பலர் அறிந்த கதை. திரும்பிய மறு ஆண்டு, 1727இல், தமக்கு அறிமுகமான இளைஞர்கள் சிலரைச் சேர்த்து ஜன்டோ என்னும் கழகத்தை அமைத்தார். வெள்ளிக்கிழமை மாலைதோறும் கூட்டம். ஒவ்வொருவரும் முறைப்படி அறம், அரசியல், இயற்கை நூல் ஆகியவற்றுள் ஒன்றைப் பற்றி வினா எழுப்ப வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை தாமே எழுதிய கட்டுரை ஒன்றைப் படிக்க வேண்டும். அங்கே வந்தவர்கள் யார்? பத்திரங்களை நகலெடுப்பவர் ஒருவர், கண்ணாடி பதிப்பவர் ஒருவர், செருப்புத் தைக்கப் பழகியவர் ஒருவர், தச்சர் ஒருவர், வாணிகரிடம் எழுத்தர் ஒருவர். கல்லூரிப் பண்டிதர்களின் அவையன்று அது. கண்ணாடி பதித்த தாமஸ் காட்ஃபிரே கணிதத்தைத் தாமே கற்றுத் தேர்ந்தவர். ஆனால் எதைச் சொன்னாலும் கணக்கைப்போலத் துல்லியமாகச் சொல்ல வேண்டும் என்று மற்றவர்களைத் தொல்லைப்படுத்திச் சில நாளில் விலகிவிட்டாராம். எல்லாக் கழகங்களிலும் அப்படி ஒருவர் இருக்கத்தான் செய்கிறார். செருப்புத் தொழில் பழகிய பார்சன்ஸ் கணிதம் கற்று மாகாணத்தின் தலைமை நில அளவையாளராக உயர்ந்தார்.

கூட்டத்தில் கேட்பதற்கு நிலையான வினாக்கள் இருபத்து நான்கு இருந்தன. அண்மையில் படித்த நூலில் கழகத்துக்குச் சொல்லத்தக்கது எதையேனும் கண்டீரா? ஊரில் யாரேனும் தொழிலில் நொடித்துப்போனாரா, காரணம் என்ன? யாரேனும் செல்வம் பெற்றாரா, எவ்வாறு? என்ற போக்கில் அவை அமைந்திருந்தன. ஒரு வினாவுக்கும் அடுத்த வினாவுக்கும் இடையே ஒரு கிண்ணம் திராட்சை மது ஊற்றிக் குடிக்கும் அளவு இடைவெளி விட வேண்டும் என்பதும் விதி. நான் முக்கியமாகக் கருதுவது வேறொரு விதியை. இதுதான் உண்மை, ஐயமேயில்லை என்று அடித்துப் பேசுவதும், ஒருவரை நேருக்கு நேர் மறுத்துரைப்பதும் நாளடைவில் தடுக்கப்பட்டன. மீறியவர் சிறு அபராதம் கட்ட வேண்டும். காலின்ஸோடு வாதாடி வெல்வதில் இன்பம் கண்ட சிறுவன் இதனை அமைத்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். வெல்வதற்காகப் பேசும் சபையில் யாரும் யாருடைய பிழையையும் திருத்த முடியாது. தோற்றவன் தன் பிழையை ஒப்புவதில்லை, மறைக்கத்தான் கற்றுக்கொள்கிறான்.

வாதத்துக்கு மேற்கோள் தேட நூல்கள் வேண்டியிருந்தன. உறுப்பினர்கள் தத்தம் நூல்களைக் கொணர்ந்து கூட்ட அறையில் வைத்தார்கள். சரியாகப் பேணுவாரின்றி ஓராண்டில் திரும்ப எடுத்துச் சென்றார்கள். அதன்பின் 1731இல் பிராங்க்ளின் சந்தா முறையில் ஒரு நூல்நிலையத்தை நிறுவினார். 50 பேர் தலைக்கு 40 ஷில்லிங் கொடுத்துச் சேர்வது, பின் ஆண்டுக்குப் பத்து ஷில்லிங் கொடுப்பது என்பது ஏற்பாடு. பாஸ்டனுக்குத் தெற்கே நல்ல புத்தகக் கடையே இல்லாத காலம். நூல்கள் இலண்டனிலிருந்து கப்பலில் வர வேண்டும். பீட்டர் காலின்சன் என்னும் இலண்டன் வணிகர் அவற்றைத் தேர்ந்து அனுப்புவதில் உதவினார். பிலடெல்பியாவின் அந்நூல்நிலையம் இன்றும் இருக்கிறது. அதில் நாள்தோறும் ஓரிரு மணி நேரம் செலவிட்டு, தந்தை கொடுக்க எண்ணிக் கொடுக்க முடியாமற்போன கல்வியை ஓரளவு ஈடுசெய்துகொண்டதாக அவர் எழுதினார்.

1733இல் பிற மொழிகளைக் கற்கத் தொடங்கினார். முதலில் பிரெஞ்சு, நூல்களை எளிதாகப் படிக்கும் அளவுக்கு வந்தது. அடுத்து இத்தாலிய மொழி. அம்மொழியைக் கற்றுக்கொண்டிருந்த மற்றொரு நண்பர் அடிக்கடி சதுரங்கம் ஆட அழைப்பார். ஆட்டத்தில் ஆசை, ஆனால் படிக்க ஒதுக்கிய நேரத்தை ஆட்டம் விழுங்கிற்று. ஆட்டத்தை விட்டுவிட வேண்டும் என்றுதான் நம்மில் எவரும் முடிவு செய்வோம்; இரண்டு வாரம் விட்டிருந்து மூன்றாம் வாரம் மீண்டும் தொடங்குவோம். பிராங்க்ளின் விடவில்லை, ஒரு நிபந்தனை விதித்தார். வென்றவர் தோற்றவருக்கு இலக்கணத்தில் ஒரு பகுதியை மனப்பாடம் செய்யவோ, ஒரு பகுதியை மொழிபெயர்க்கவோ வேலை கொடுக்கலாம். அடுத்த சந்திப்புக்குள் அதை முடிப்பது மானத்துக்குரிய கடமை. இருவரும் ஏறத்தாழச் சம வலிமையுள்ளவர்கள். ஆகவே ஒருவரை ஒருவர் மாறி மாறி அடித்து இத்தாலிய மொழிக்குள் தள்ளிக்கொண்டார்கள். பிறகு சிறிது முயன்று ஸ்பானிய மொழியிலும் நூல்களைப் படிக்கும் அளவு தேறினார். எட்டு வயதில் ஓராண்டு மட்டும் கற்று விட்ட இலத்தீனை ஒருநாள் தற்செயலாகப் புரட்டியபோது, எதிர்பார்த்ததைவிட மிகுதியாகப் புரிந்தது. பிற மூன்று மொழிகளும் வழியைச் செப்பனிட்டு வைத்திருந்தன.

அறநெறிப் பயிற்சிக்கு அவர் வகுத்த அட்டவணைதான் உலகில் அதிகமாகப் பேசப்படுவது. நற்பண்புகள் பதின்மூன்று, பண்புக்கு ஒரு பக்கம், வாரத்தின் ஏழு நாளுக்கும் ஏழு கட்டம், தவறினால் ஒரு கரும்புள்ளி. வாரம் ஒரு பண்பில் கருத்தூன்றினால் 13 வாரத்தில் ஒரு சுற்று. ஆண்டுக்கு நான்கு சுற்று. புள்ளியைச் சுரண்டிச் சுரண்டித் தாள் ஓட்டையாயிற்று. பிறகு தந்தத் தகடுகளில் சிவப்பு மையால் கோடிட்டு, பென்சிலால் புள்ளி வைத்து, ஈரப் பஞ்சால் துடைத்தாராம். நம் பிள்ளைகளின் சிலேட்டைப் போல. இவ்வேற்பாட்டை நான் மற்றவற்றைப் போல் உயர்வாக மதிப்பதில்லை. இங்கே குற்றவாளியும் அவரே, நீதிபதியும் அவரே. அவருடைய பட்டியலில் முதலில் இருந்த பண்புகள் பன்னிரண்டுதாம். உம்மை எல்லாரும் செருக்குள்ளவர் என்கிறார்கள் என்று ஒரு நண்பர் எடுத்துச் சொல்லி, உதாரணங்களும் காட்டிய பிறகே பணிவு பதின்மூன்றாவதாகச் சேர்ந்தது. தம் பெரிய குறையை அட்டவணை காட்டவில்லை. வெளியிலிருந்து ஒருவர் வந்து காட்ட வேண்டியிருந்தது. பணிவை உண்மையில் பெற்றேன் என்று பெருமை பேச இயலாது, தோற்றத்தில் பெற்றேன் என்று அவரே நகைச்சுவையோடு ஒப்புக்கொள்கிறார்.

பின்னர் வந்த புகழெல்லாம் இவ்வேர்களிலிருந்து கிளைத்தவை. நூல்நிலையத்துக்குக் காலின்சன் அனுப்பிய ஒரு கண்ணாடிக் குழாய்தான் மின்சார ஆராய்ச்சிக்குத் தொடக்கம். அத்துறையில் முறையான கல்வி எதுவும் பெறாத பிராங்க்ளின், வெள்ளித் தட்டார் ஒருவர் உள்ளிட்ட நண்பர்களோடு சேர்ந்து சோதனைகள் செய்து, கண்டவற்றைக் காலின்சனுக்குக் கடிதமாக எழுதினார். 1751இல் அவை நூலாக வந்தன. 1753இல் இலண்டன் ராயல் சொசைட்டி தன் காப்லி பதக்கத்தை அளித்தது. அறிஞர்கள் அக்கடிதங்களின் பொருளைப் பாராட்டியதோடு அவற்றின் தெளிவையும் பாராட்டினார்கள். தெளிவு இல்லை என்று மெழுகுவர்த்தி வணிகர் ஒருவர் தாளைத் தொட்டுக் காட்டி ஏறத்தாழ முப்பதாண்டுகள் ஆகியிருந்தன.

அந்த மெழுகுவர்த்தி வணிகரின் வீட்டிலே இன்னொரு பிள்ளை இருந்ததைச் சொல்லாமல் இவ்வரலாற்றை முடித்தால் அது பாதி வரலாறாகும். பதினேழு பேரில் கடைசிப் பிள்ளை ஜேன், 1712இல் பிறந்தவள், அண்ணனுக்கு ஆறு வயது இளையவள். பெண்களுக்கு உயர் கல்வி தகும் என்று அண்ணன் காலின்ஸோடு கடிதத்தில் வாதாடிய நாளில் அவள் சிறுமி. சைலன்ஸ் டூகுட் கடிதங்களில் ஒன்றும் பெண்கல்விக்காகவே பேசுகிறது. அக்காலத்துப் பாஸ்டனில் பெண்பிள்ளைகளுக்கு விவிலியம் படிக்கும் அளவுக்கு வாசிப்புக் கற்பிப்பார்கள். எழுத்துக் கற்பித்தல் அரிது. 1727ஆம் ஆண்டு ஜனவரியில், தங்கை பருவப் பெண்ணாகிவிட்டாள் என்று கேள்வியுற்ற அண்ணன் பிலடெல்பியாவிலிருந்து பரிசு அனுப்பினார். தேநீர் மேசை அனுப்பலாமா என்று முதலில் எண்ணி, பிறகு நூற்கும் இராட்டையை அனுப்பினார். ஜன்டோ கழகம் தோன்றியது அதே ஆண்டில். அவ்வாண்டிலேயே, பதினைந்து வயதில், சேணம் செய்யும் எட்வர்ட் மீகம் என்பவருக்கு அவள் மணமாயிற்று.

அவளும் படிக்கும் ஆசை உடையவள். அண்ணன் எழுதி அச்சான யாவற்றையும் தனக்கு அனுப்பும்படி கேட்டு எழுதினாள். தன் எழுத்துப் பிழைகளுக்காக வருந்துவாள். அண்ணன் ஆறுதல் கூறுவார். அவளுக்கு ஆள்தோறும் உணவுக் காசு கணக்கிட்டுக் கொடுப்பார் இல்லை. எல்லாரும் உண்ணப் போனபின் தனித்திருக்கும் அறையும் இல்லை. உண்பவர்களுக்குச் சமைத்தவள் அவள். 1786இல், உடன்பிறந்தவர்களுள் தானும் அண்ணனும் மட்டுமே எஞ்சியிருந்த முதுமையில், ரிச்சர்டு பிரைஸ் என்பவரின் நூலைப் படித்துவிட்டு அவள் அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுதினாள். நியூட்டனைப் போன்ற ஆயிரக்கணக்கானோர் தக்க சூழல் வாய்க்காமல் அறியாமையிலேயே வாழ்ந்து மறைந்திருக்கலாம் என்ற அந்நூலின் கருத்தை அதில் எடுத்துக் காட்டி, தங்கள் குடும்பத்தில் ஒருவரே மேலெழ முடிந்ததையும் நினைத்துப் பார்க்கிறாள்.

ஜில் லெபோர் என்னும் வரலாற்றாசிரியர் 2013இல் ஜேனைப் பற்றி ஒரு முழு நூல் எழுதினார். அதற்கு அவர் இட்ட பெயர், ஜேன் தன் கையால் செய்து வைத்திருந்த ஒரு சிறு புத்தகத்தின் பெயர். சில தாள்களை மடித்து, நூலால் தைத்து, அதன் மேல் வயதுகளின் புத்தகம் என்று பொருள்படும் தலைப்பை அவளே எழுதியிருக்கிறாள். உள்ளே தனக்குப் பிறந்த பன்னிரண்டு பிள்ளைகளின் பெயர்களும் பிறந்த நாட்களும் வரிசையாக இருக்கின்றன. பலவற்றுக்குப் பின்னே இறந்த நாட்களும் இருக்கின்றன. 1794இல் அவள் இறந்தபோது அப்பன்னிருவரில் உயிரோடிருந்தவள் ஒரு மகள் மட்டுமே.